தண்ணி வளைவில் எல்லாரும் நிற்பது ஏன்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் இருப்பவர் 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும், வலது கால் தானாகப் பிரேக்கில் போய் விழும். மனைவி கொட்டாவி விட்டால்கூட வண்டி நின்றுவிடுகிறது என்று புலம்பும் கணவன்மார் இருக்கிறார்கள். தும்மலுக்கு நிற்கிற டாக்ஸி இருக்கிறது. இந்த வியாதியைப் பரப்பியது ஒரே ஒரு ஆள்தான். ஊர் அவளைப் பிரேக் அக்கா என்று கூப்பிடுகிறது.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஆள் குள்ளம், சீட்டில் தலையணை போட்டால்தான் முன்கண்ணாடி வழியாக ரோடு தெரியும். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமில்லையா? மற்ற வாத்தியார்கள் அதை ஆபத்துக்கு மிதிப்பார்கள். அக்கா குருவிக்கு மிதிப்பாள்.

இது வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொடங்கியது. ஊரைத் தாண்டியதும் மலைப்பாதை. அதில் பாதி ஏற்றத்தில் ஒரு வளைவு. பாறைச் சுவரில் கோடையிலும் தண்ணீர் சொட்டும். அடியில் அடர்த்தியான புதர். அதனால் தண்ணி வளைவு. அங்கே ஒரு நாள் அவளிடம் வண்டி பழகவந்த பெண் எஞ்சினை அணைத்துவிட்டு, எப்படி மறுபடி கிளப்புவது என்று தெரியாமல், ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். அக்காவுக்கு அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாது. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தாள். புதரிலிருந்து ஒரு இலை விழுந்தது. பிறகு அதே இலை மேலே விழுந்தது.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இன்னொரு இலை பக்கவாட்டில் விழுந்தது. ஒன்று தண்ணீரில் விழுந்து, சிலிர்த்து, குளித்துவிட்டு, கிளையில் ஏறி உட்கார்ந்து வாலை ஆட்டியது. புதர் முழுக்கப் பச்சையும் பழுப்புமாக உயிருள்ள இலைகள். அக்கா 'ஹா' என்று மூச்சை இழுத்த சத்தத்தில் அழுதுகொண்டிருந்தவள், டீச்சருக்கு நெஞ்சுவலி என்று நினைத்து அழுகையை நிறுத்திவிட்டாள்.

அவற்றுக்குப் பெயர் கதிர்க்குருவி என்று பிறகு தெரிந்துகொண்டாள். கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. கையில் வைத்தால் சாவிக்கொத்தின் கனம்கூட இருக்காது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு குளிருக்கு முன்னால் மலைத்தொடரைத் தாண்டி வலசை போகின்றன. போகிற வழியில் தண்ணி வளைவில் இறங்கி ஒரு வாய் குடித்து, ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகின்றன. நமக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

அக்கா ஆசையாகப் பறவைப் புத்தகம் வாங்கினாள். பிரித்தால் ஏமாற்றம். ஒரே குருவியைப் பக்கம் பக்கமாக அச்சடித்து, கீழே வேறு வேறு பெயர் போட்டிருந்தார்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தானே பெயர் வைத்தாள். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு உள்ளது புருவக்காரி. ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது கணக்கு வாத்தியார். புதருக்குள் மறைந்துகொண்டு முகத்தையே காட்டாமல் 'டிக், டிக்' என்று நாளெல்லாம் குறை சொல்வது கொழுந்தன். டிரைவிங் ஸ்கூலின் முதலாளி அவளுடைய சொந்தக் கொழுந்தன்தான். இந்தப் பெயர் விஷயம் அவனுக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. எலுமிச்சை. அதை அக்கா ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். இலைக்கு முன்னால் நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல அந்தரத்தில் நின்று படபடத்தது. திரும்பியபோது வாலுக்கு மேலே, இடுப்பில், சதுரமாக ஒரு எலுமிச்சை மஞ்சள். அக்கா மூச்சை இழுத்தாள், பிரேக்கை மிதித்தாள், பழகவந்தவர் நெற்றியை ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் குருவியைக் காணோம்.

"மஞ்சள் இலையா இருக்கும் அண்ணி" என்றான் கொழுந்தன்.

"இலை அந்தரத்துல நிக்குமா?"

"உங்க கண்ணு டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

வீட்டுக்காரர் அப்படிக் கேட்கவில்லை. அவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்; அதிகம் பேசமாட்டார். "எந்த மஞ்சள்?" என்று மட்டும் கேட்டார். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. அவர் கிண்ணத்தில் மஞ்சளைக் கலந்து சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் அடித்தார். "இதுவா?" இல்லை, இன்னும் கொஞ்சம் பச்சை. பக்கத்தில் இன்னொன்று. "இதுவா?" ஐயோ, இவ்வளவு பச்சை இல்லை. இப்படியே வருடாவருடம் வலசைக் காலம் வந்தால் வேலையில் மிஞ்சிய பெயிண்டில் சதுரம் ஏறிக்கொண்டே போய், அடுப்புக்கு மேலே கூரை வரை மஞ்சள் கட்டங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் இது புது மோஸ்தர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாராட்டிவிட்டுப் போவார்கள். கொழுந்தன் மட்டும் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அக்கா நேர்மையானவள். மற்றவர் பாட நேரத்தில் தன் குருவிக்கு நிறுத்துவது அவளுக்கு உறுத்தியது. அதனால் அதையே பாடமாக்கிவிட்டாள். தண்ணி வளைவு வந்தால் இண்டிகேட்டர் போடு, ஓரம் கட்டு, நிறுத்து. ஹேண்ட் பிரேக்கை இழு, காலை எடு. எஞ்சினை அணை. கண்ணாடியை இறக்கு. காதைக் கொடு. "மலையில காதாலயும் வண்டி ஓட்டணும்" என்பாள். அது பொய்யும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏற்றத்தில் வண்டியை உருளவிடாமல் கிளப்ப வேண்டும். அவளிடம் பழகியவர்கள் யாரும் ஏற்றத்தில் சறுக்கியதில்லை. டெஸ்ட்டில் ஜம்மென்று பாஸாகிவிடுவார்கள். குருவி வந்தால் அக்கா மூச்சை இழுப்பாள். அந்த நொடியில் வண்டி அசையக்கூடாது என்று பழகுகிறவர் பிரேக்கை ஒரு மிதி மிதிப்பார். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, பழகிவிட்டது.

தண்ணி வளைவில் நிற்பது சட்டம் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. சட்டம் இல்லை என்றும் சொன்னதில்லை. இங்கேதான் வந்தது வினை.

வலசை தொடங்கி, புதரில் புருவக்காரிகள் வந்து இறங்கியிருந்த ஒரு காலையில் கொழுந்தன் ஆபீஸிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவரில் ரோட்டுச் சின்னங்களின் படம்.

"அண்ணி, ரோடு டிபார்ட்மெண்ட்லேருந்து போன். தண்ணி வளைவுல வண்டிங்க சும்மா சும்மா நிக்குதாம். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. வெளியூர் பஸ் ஒண்ணு நேத்து பின்னாடி வந்து இடிக்கப் பாத்துதாம்."

"யார் நிக்கிறாங்களாம்?"

"அதைத்தான் கண்டுபிடிக்க ஒரு அதிகாரி வர்றாரு. நம்ம வண்டியிலேயே வந்து பாக்கணுமாம். அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. இது உங்க வேலையா?"

"நான் நிறுத்திப் பழக்குறேன். ஊரே நிக்கணும்னு நான் சொன்னேனா?"

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "இது நம்ம ஸ்கூலாலதான்னு தெரிஞ்சுதுன்னா, மலைப்பாதை உங்களுக்குக் கிடையாது. மார்க்கெட் பின்னாடி காலி இடத்துல ரிவர்ஸ் மட்டும்தான் சொல்லிக்கொடுக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

மார்க்கெட் பின்னாடி! அங்கே காக்காய்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டுதான் வரும். வலசை முடியும்வரை அங்கே ஆட்டோவுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். இந்த வருடமும் எலுமிச்சையைப் பார்க்காமல் போனால் அது பொய் என்றே ஆகிவிடும். சுவரில் கட்டங்கள் மட்டும் மிஞ்சும்.

ஆகவே சபதம் போட்டாள். அதிகாரி இருக்கும்போது பிரேக் கிடையாது. மூச்சும் கிடையாது.

அன்று ஓட்டப்போகிறவர் கேக் கடைக்காரர். மலைபோல உடம்பு, கிரீமில் ரோஜாப்பூ போடுகிற விரல்கள், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் அந்த விரல்கள் தந்தியடிக்கும். அக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாஸ்டர், உங்க கடையில வாயைத் திறக்கவே விடாத டாபி ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு அக்கா. போன வாரம் ஒருத்தருக்குப் பல்லே கழண்டு வந்துடுச்சு."

"அதுல பெருசா ஒண்ணு குடுங்க."

பின்சீட்டில் அதிகாரியும் கொழுந்தனும். அதிகாரி நிதானமான மனிதர். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். முன்சீட்டில் அக்கா, தலையணை மேல், கால்களைச் சீட்டுக்கு அடியில் இழுத்து ஒளித்துவைத்து, வாயில் டாபி ஒட்டிக்கொண்டிருக்க, ஊமைச்சாமிபோல உட்கார்ந்திருந்தாள்.

"கியர் மாத்தட்டுமா அக்கா?" என்றார் கேக் மாஸ்டர்.

"ம்ம்."

"அக்காவுக்குத் தொண்டை சரியில்ல சார்" என்றான் கொழுந்தன் அவசரமாக.

வண்டி ஏறியது. தண்ணி வளைவு வருவதற்கு முன்பே அக்காவுக்குக் காட்சி தெரிந்துவிட்டது. வளைவின் விளிம்பில் தபால் வண்டி. அதன் பின்னே வெளியூர் லாரி ஒன்று. லாரிக்குப் பின்னே ரொட்டி வண்டி, டாக்ஸி, நர்ஸம்மாவின் சின்னக் கார். எல்லாம் ஓரம் கட்டி, எஞ்சின் அணைத்து, கண்ணாடி இறக்கி, கோவிலுக்கு வந்தவர்கள்போல அமைதியாக நின்றுகொண்டிருந்தன. லாரிக்காரரைத் தவிர ஒவ்வொருவருக்கும் அக்காதான் ஓட்டப் பழக்கியிருந்தாள். கேக் மாஸ்டரும் போய் வரிசையின் வாலில் அழகாக நிறுத்தினார். வேறு வழியும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி. இறங்கி, ஒவ்வொரு வண்டியாகப் போய் விசாரித்தார். நிதானமான மனிதர் என்று சொன்னேனே, அவ்வளவு நிதானமாக.

நர்ஸம்மா சொன்னாள்: "ஏற்றத்துல வண்டிக்குக் கொஞ்சம் மூச்சு விடக் குடுக்கணும் சார். மனுஷங்களுக்கே குடுக்கிறோம்."

டாக்ஸிக்காரர் கோபப்பட்டார். "சட்டம் சார்! வளைவுல நின்னு காதுகுடுக்கணும். நீங்களே டிபார்ட்மெண்ட்ல இருந்துட்டு இதுகூடத் தெரியாம கேக்கறீங்களே?"

ரொட்டி வண்டிக்காரர், "நிக்காமப் போனா அந்த நாளே விளங்கறதில்ல சார்" என்றார்.

லாரிக்காரர்தான் பாவம். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எல்லாரும் நிக்கிறாங்க. முன்னாடி ஏதோ பெரிய மனுஷன் போறாருன்னு நினைச்சு நானும் நின்னுடறேன்."

தபால் வண்டிக்காரர் யோசித்துவிட்டு, "அவங்கெல்லாம் நிக்கிறாங்களே" என்று பின்னால் கையைக் காட்டினார்.

யாரும் அக்கா பெயரைச் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அல்ல. இது ஒருத்தி சொல்லிக்கொடுத்தது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. குழப்பத்தோடு அதிகாரி வரிசையின் வாலுக்குத் திரும்பி வந்தார். கொழுந்தன் முகத்தில் நிம்மதி. அக்கா காரிலிருந்து இறங்கி அவர்கள் பக்கத்தில் நின்றாள். தப்பித்தோம் என்று நினைத்தாள்.

ஒரு விஷயத்தை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அதிகாரியின் நிதானத்தில் டாபி முழுக்கக் கரைந்துபோயிருந்தது.

பாறையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. புதருக்குள் 'டிக், டிக்' என்று கொழுந்தன் குறை சொல்லத் தொடங்கியது. நிஜக் கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு புருவக்காரிகள் இறங்கிக் குளித்தன. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கணக்கு வாத்தியார் வந்து இலைகளைத் திருத்தியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணை ஏன் திறந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. திறந்தாள். நேர் எதிரே, கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில், ஒரு இலைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று படபடத்துக்கொண்டிருந்தது. திரும்பியது. இடுப்பில் எலுமிச்சை.

"ஹா!"

மலையே கேட்டிருக்கும். அந்த ஒரு மூச்சுக்கு, நின்றுகொண்டிருந்த வண்டிகளின் பின்விளக்குகள் பளிச்சென்று சிவந்தன. நர்ஸம்மா கார் சிவப்பு, டாக்ஸி சிவப்பு, ரொட்டி வண்டி சிவப்பு, வளைவின் விளிம்பில் தபால் வண்டி சிவப்பு. பின்னால் கேக் மாஸ்டர், எஞ்சின் அணைந்து நிற்கிற வண்டியில், முழு பலத்தையும் கொடுத்துப் பிரேக்கை மிதித்தபடி முன்னால் சாய்ந்திருந்தார். லாரியில் மட்டும் விளக்கு எரியவில்லை.

அதிகாரி விளக்குகளைப் பார்த்தார். எரியாத லாரியைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை.

குட்டு உடைந்துவிட்டது. ஆனால் அக்காவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. அதிகாரியின் மணிக்கட்டை ஒரு கையாலும் கொழுந்தனின் சட்டைக்காலரை இன்னொரு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"சார், அங்க! அங்க பாருங்க! இடுப்பைப் பாருங்க சார், இடுப்பை! டேய், பாருடா! இலையா அது? இலையாடா?"

கொழுந்தனை அவள் 'டா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் கவனிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அந்தச் சின்ன உயிர் இலையைவிட்டு இலை, பூச்சியைவிட்டுப் பூச்சி, அந்தரத்தில் குதித்துக் குதித்து நின்றது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்த மஞ்சள் மின்னியது. நர்ஸம்மா இறங்கி வந்தாள். டாக்ஸிக்காரர் இறங்கினார். லாரிக்காரர், "ஓ, இதுக்குத்தானா?" என்று பெருமூச்சு விட்டார்; வருடக்கணக்கான சந்தேகம் அவருக்கு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸம்மாவைக் கட்டிக்கொண்டாள், ரொட்டிக்காரர் முதுகில் ஒரு போடு போட்டாள், நின்ற இடத்திலேயே குதித்தாள். எலுமிச்சை ஒரு முழுக்குப் போட்டு, உதறி, மலைக்கு மேலே போய்விட்டது.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அழகாத்தான் இருந்துச்சு. ஆனா வளைவுல நிறுத்துறது தப்பு. எதுக்காக நிறுத்தினாலும் தப்பு. ஒரு நாள் ஒரு பஸ் பிரேக் பிடிக்கலைன்னா என்ன ஆகும்?"

"ஆமா சார்."

"இந்த வலசை முடியறவரைக்கும் மலைப்பாதையில உங்க பயிற்சி கிடையாது. இவங்க எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லி நிறுத்தணும்."

"சரி சார்" என்றாள் அக்கா, மலையின் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, கல்யாணத்துக்கு அழைத்ததுபோல முகம் மலர. என்ன தண்டனை என்பதே வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. உறைத்தும் சிரிப்பு நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்கப் போனில் உட்கார்ந்தாள். பழைய மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "தண்ணி வளைவுல இனிமே நிக்காதீங்க, நேராப் போங்க" என்று சொன்னாள். "ஐயோ அக்கா, சட்டத்தை மாத்திட்டாங்களா?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். டாக்ஸிக்காரர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அது சட்டம்தான், அக்காவுக்குத்தான் மறந்துபோச்சு என்று அவளிடமே அடித்துச் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சமையலறையில் பேச்சுக்குரல். கொழுந்தன் முக்காலி போட்டு ஏறி நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். கீழே வீட்டுக்காரர், வழக்கம்போலப் பேசாமல், பெயிண்ட் பிரஷோடு.

"இது இல்லண்ணா. இதுவும் இல்ல. இது கிட்ட வருது... இல்ல, வெயில் பட்டப்போ இன்னும் வெளுப்பு. அண்ணி, இங்க வாங்க! இந்த மூலையில இருக்கே, இதுதானே?"

அக்கா அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருடம் இந்தச் சுவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன், மூக்கு நுனியில் பெயிண்டோடு, கூரையோரத்தில் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குப் பக்கத்துல இருக்கிறது" என்றாள்.

"போங்க அண்ணி, அது பச்சை."

"எது பச்சை? உனக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். சத்தம் அடங்குகிற நேரம் பார்த்து வீட்டுக்காரர் பிரஷைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் பாத்துட்டீங்க" என்றார். "பெயிண்ட் கலக்கினவன்தான் இன்னும் பாக்கல."

மறுநாள் விடிந்ததும் வாசலில் ஹாரன் சத்தம். கொழுந்தன் தன் சொந்தக் காரைக் கொண்டுவந்திருந்தான். வீட்டுக்காரர் சட்டைப்பையில் மஞ்சள் சாயல்கள் அச்சடித்த அட்டையோடு பின்சீட்டில் ஏறினார். அக்கா முன்சீட்டில், தலையணையோடு.

"இது பயிற்சி இல்ல, சும்மா போறோம். வளைவுக்குக் கீழ அகலமான இடம் இருக்குல்ல, அங்க ஓரம் கட்டிட்டு நடந்து போவோம். நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டேன், சொல்லிட்டேன். நான் உங்ககிட்ட பழகினவன் இல்ல, எனக்கு அந்த வியாதியும் கிடையாது."

"சரிப்பா, சரி" என்றாள் அக்கா.

ஊரைத் தாண்டினார்கள். ஏற்றம் தொடங்கும் இடம், ஆளில்லாத நேரான ரோடு. ஓரத்துச் செடியிலிருந்து ஒரு இலை விழுந்தது. பிறகு மேலே விழுந்தது.

அக்கா மூச்சை இழுத்தாள். அவள் கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரைவிரிப்பை அழுத்தியது. வண்டி நின்றுவிட்டது.